கடைசி எஃப் டெல்மருடையது

ஃபோர்ட் வெய்ன், இண்டியானா
மே 3, 1972

டெல்மர்,

டொலீடோவில் நீ பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்பது நாள் ஆகிறது. காப்பி குடிக்கத்தான் இறங்குகிறாய் என்று நினைத்தேன். காப்பி குடிக்கப் போகிறவன் ட்ரம்பெட் பெட்டியை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இருபது நிமிடம் காத்திருந்தோம். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான். கடைசியில் விர்ஜில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவன் வேற பஸ் ஏறிப் போயிட்டான்" என்றான். ஆர்கன் வாசிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவன் ஊமை, உனக்குத் தெரியாததா.

உன் மாமனாரின் டயர் கடைக்கு இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் அவர், "டெல்மர் வண்டிக்கு அடியில இருக்கான்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒருவன் முழு நாளும் வண்டிக்கு அடியிலேயே இருக்க முடியுமா? அதனால்தான் கடிதம்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்பது வருஷம் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஊதியிருக்கிறோம். அந்தக் கிழவரின் பெரிய இசைக்குழுவில் ஆறு வருஷம், நம்முடைய 'ஃபயர் எஸ்கேப்' குழுவில் மூன்று வருஷம். சுவரொட்டியில் என் பெயர் பெரிதாக இருக்கிறது என்றால் அது ரெக்கார்ட் கம்பெனிக்காரர்களின் வேலை. ராக் பாட்டுக்கு நான்கு ட்ரம்பெட் எதற்கு என்று எல்லோரும் சிரித்தபோது என்கூட வந்த முதல் ஆள் நீ. இப்போது நம் 'பதினேழாவது மாடி' பாட்டு ரேடியோவில் ஒரு நாளைக்கு மூன்று தடவை வருகிறது. நான்கு ட்ரம்பெட்டும் படிப்படியாக ஏறி, கடைசியில் உன் எஃப் சுரத்துக்கு ஒரு படி மேலே என் ஜி நிற்கிற இடம் வரும்போது ஆட்கள் காரை ஓரங்கட்டிவிட்டுக் கேட்கிறார்களாம். இந்த நேரத்தில் போய் இறங்கிவிட்டாயே.

யாராவது ஏதாவது சொன்னார்களா? நான் ஏதாவது சொன்னேனா? அடுத்து நாங்கள் தங்கப்போகிற ஹோட்டல்களின் பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். சத்தத்தை அமுக்கச் செருகுவாயே, உன் மியூட், அது பஸ்ஸிலேயே கிடந்தது, எடுத்து வைத்திருக்கிறேன்.

க்ளிஃப்

*

டபியூக், அயோவா
மே 9

க்ளிஃப்,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு முன்னால் மாமனாருக்குக் கிடைத்துவிட்டது. உறையின் ஓரம் பிரிந்திருந்தது. "அந்த ஊதுறவன் உன்மேல ரொம்பப் பாசமா இருக்கான் போல" என்றார். அடுத்த முறை வீட்டு முகவரிக்கு எழுது.

ஏன் இறங்கினாய் என்று கேட்கிறாய். உனக்குத் தெரியும். பிப்ரவரியில் சிகாகோ ஸ்டுடியோவில், நான்காவது தடவை வாசித்து முடித்த பிறகு, விர்ஜில் டேப் பெட்டியின்மேல் ஒரு வரி எழுதி வைத்தான். நீ அதை எடுத்துப் படித்தாய். நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்தாய். விர்ஜிலிடம், "நல்லாத்தான் இருக்கு, வச்சுக்கோ" என்றாய். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். சரி, களைப்பு, நாளைக்கு இருக்கிறது என்று நினைத்தேன். நாளைக்கும் ஒன்றும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. டொலீடோவில் புது ரெக்கார்டை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். இறங்கிவிட்டேன்.

இதற்கு மேல் நான் வாயைத் திறக்கக் கூடாது. ஏன் கூடாது என்பதும் உனக்குத் தெரியும்.

இங்கே வேலை பரவாயில்லை. டயர் யாரையும் ஏமாற்றுவதில்லை.

டெல்மர்

*

கொலம்பஸ், ஒஹையோ
மே 16

டெல்மர்,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை சத்தம் போட்டுப் படித்தேன். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான். இன்னும் புரியவில்லை.

பெட்டியில் விர்ஜில் எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: 'கடைசி எஃப் டெல்மருடையது. அதை வை.' உன் எஃப் நன்றாக வந்திருக்கிறது, அதை வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறான். நானும் வைத்துக்கொள் என்றேன். நீ வாசித்த எஃபை நான் பாராட்டியதற்கா பஸ்ஸை விட்டு இறங்கினாய்?

அட்டையின் பின்பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். 'உச்சியில் ஒலிக்கும் அந்தக் கடைசி சுரம் க்ளிஃப் ஜாவோர்ஸ்கியுடையது' என்று போட்டிருக்கிறார்கள். என்னுடையதுதானே? உன் எஃபைப் பற்றியும் ஒரு வரி போட்டிருக்கலாம், போடவில்லை. இரண்டாவது ட்ரம்பெட்டைப் பற்றி உலகத்தில் எவன் எழுதியிருக்கிறான்? நீயும் நானும் கிழவரிடம் இரண்டாவது, மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான். அதற்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆளா நீ? உன் எஃப் இல்லாவிட்டால் என் ஜி மொட்டையாக நிற்கும் என்று எனக்குத் தெரியாதா?

உன் இடத்தில் டெக்சாஸிலிருந்து ஒருவனைப் பிடித்துப் போட்டிருக்கிறேன். சுரம் எழுதின தாளில் இருப்பதை அப்படியே வாசிப்பான். தாளில் இல்லாததை, சுட்டுப் போட்டாலும் வாசிக்க மாட்டான்.

வேறு யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். ரெக்கார்ட் வந்த பிறகு பதினோரு மேடை ஏறிவிட்டோம். ஒரு மேடையில்கூட அந்த ஜி எனக்கு வரவில்லை. காற்றுதான் வருகிறது. ஜனங்கள் ரெக்கார்டைக் கேட்டு மனப்பாடமாக வந்திருக்கிறார்கள், அதனால் கைதட்டிவிடுகிறார்கள். ஸ்டுடியோவில் அவ்வளவு சுத்தமாக வந்தது மேடையில் ஏன் வரவில்லை? இரவெல்லாம் இதே நினைப்பாக இருக்கிறது. மேலுதட்டின் இடது பக்கம் மரத்துப் போனது போல இருக்கிறது.

நீ பக்கத்தில் இல்லாததுதான் காரணமோ என்று ஒரு சந்தேகம். சிரிக்காதே.

க்ளிஃப்

*

டபியூக்
மே 24

க்ளிஃப்,

உன் எஃப், உன் எஃப் என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறாய் என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு. கிண்டல் செய்கிறாய் என்றால் நன்றாகவே செய்கிறாய். கிண்டல் இல்லையென்றால் எனக்கு உன்னைப் புரியவில்லை, ஒன்பது வருஷமாகப் புரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சுற்றி வளைத்து ஒன்று சொல்கிறேன். 1966 ஜனவரி, மில்வாக்கி. வெளியே பனி, எனக்கு ஜலதோஷம். கிழவருடைய கடைசிப் பாட்டில் என் சுரத்தை அடைய முடியாமல் நான் பாதியில் விழுந்தேன். நீ பக்கத்து நாற்காலியிலிருந்து சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொண்டாய். கிழவருக்குத் தெரியவில்லை, கூட்டத்துக்கும் தெரியவில்லை. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு நான் என்ன செய்தேன்? ஒரு பீர் வாங்கி உன் முன்னால் வைத்தேன். நீ குடித்தாய். பேஸ்பாலைப் பற்றிப் பேசினோம். அவ்வளவுதான். மேலே இடத்தைக் காலியாக விடக் கூடாது, எடுத்ததைச் சொல்லிக் காட்டவும் கூடாது. விழுந்தவன் பீர் வாங்குவான், எதற்கு என்று சொல்ல மாட்டான். ட்ரம்பெட்காரர்கள் எல்லோரும் இப்படித்தான்.

எனக்கு அட்டையில் பெயர் வேண்டாம். ஒரு பீர் போதும், க்ளிஃப். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் உனக்கு நேரம் இருந்தது.

இப்போது நானே சொல்லிக் காட்டிவிட்டேன். உன்னால்தான் இப்படி ஆயிற்று, அதுவும் எனக்கு ஒரு கோபம்.

உதட்டை யாரிடமாவது காட்டு.

டெல்மர்

*

க்ளீவ்லேண்ட், ஒஹையோ
ஜூன் 2

டெல்மர்,

பீரா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஹோட்டல் வாசலில் அரை மணி நேரம் நடந்தேன். மில்வாக்கி எனக்கும் நினைவிருக்கிறது. அன்றைக்கு நீ விழுந்தாய், நான் எடுத்தேன், நீ வாங்கிக் கொடுத்தாய். நியாயம். ஆனால் சிகாகோவில் யார் விழுந்தது? நீ விழவில்லை, உன் எஃப் பெட்டியில் எழுதி வைக்கிற அளவுக்கு நன்றாக வந்திருக்கிறது. நான் விழவில்லை, என் ஜியை ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் நின்றுகொண்டிருக்கும்போது யாருக்கு யார் பீர் வாங்குவது? வேறு ஏதாவது ராத்திரியை நினைத்துக் குழப்பிக்கொள்கிறாயா? கென்டக்கியில் ஒரு தடவை டிரம்மருக்காக நான் வாங்கவேண்டிய பீர் ஒன்று நின்றுபோனது. அதுவா?

அதை விடு. நீ சொன்னபடி உதட்டைக் காட்டினேன். இங்கே ஒரு டாக்டர், வாத்தியக்காரர்களைப் பார்த்துப் பழக்கப்பட்டவர். உதட்டைப் பிதுக்கி விளக்கடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே தசை பிரிந்திருக்கிறதாம். ஒரு வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துகொண்டு வருகிறதாம். "ஆறு மாசம் அதை வாய்கிட்டயே கொண்டு போகாதீங்க. மீறி ஊதினா, அப்புறம் ட்ரம்பெட்டை மறந்துட வேண்டியதுதான். சூப் குடிச்சாக்கூட ஓரமா வழியும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜூலை 22 சிகாகோ ஏரிக்கரையில் நமக்கு நிகழ்ச்சி. டெலிவிஷன்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். 'பதினேழாவது மாடி'யோடுதான் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். டாக்டர் சொன்னதை வைத்தே யோசித்தேன். ஒரு வருஷமாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்றால், பிப்ரவரியிலும் அது பிரிந்த உதடுதானே? பிரிந்த உதட்டோடுதானே அந்த ஜியை வாசித்தேன்? அப்படியானால் ஜூலையிலும் வாசிக்க முடியும். மேடையில் வராதது பயத்தினால். ஒரே ஒரு சாயங்காலம், ஒரே ஒரு சுரம். அதன் பிறகு ஆறு மாதமோ ஆறு வருஷமோ, டாக்டர் சொல்வதைக் கேட்கிறேன்.

குழுவில் யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

க்ளிஃப்

*

டபியூக்
ஜூன் 11

அன்புள்ள க்ளிஃப்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிக்காமல் இருந்தால் உனக்கு வரும்.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரி ஆர்லீனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து மேசைமேல் வைத்தாள். "டெல்மர், அவனுக்கு நிஜமாவே தெரியலை" என்றாள். தெரியாமல் இருக்க முடியாது என்றேன். தன் வாயிலிருந்து வருவது சுரமா காற்றா என்று ஒருவனுக்குத் தெரியாதா? "நாலு பேர் ஒண்ணா ஊதுறப்போ, காதுல ஹெட்போன் வேற மாட்டியிருக்கறப்போ, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கிடங்குக்குப் போய் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து யோசித்தேன். தலையை எவ்வளவு உள்ளே இறக்கி ஊதுவோம், மண்டை முழுக்க எப்படிச் சத்தம் அதிரும் என்று நினைத்துப் பார்த்தேன். எது யாருடையது என்று பல ராத்திரி எனக்கும் தெரிந்ததில்லை.

அதனால் பீரை மறந்துவிடு. நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன். எதைத் தப்பாக நினைத்தேன் என்று கேட்காதே. டொலீடோவில் முதுகுவலியால் இறங்கினேன் என்று வைத்துக்கொள்.

ஆனால் ஜூலையில் வாசிக்காதே. டாக்டர் சொல்வதைக் கேள். பிப்ரவரியை வைத்து ஜூலையைக் கணக்குப் போடாதே. அந்தக் கணக்கில் ஒரு இடத்தில் தப்பு இருக்கிறது. எந்த இடம் என்று நான் சொல்லக் கூடாது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சொன்னால் உன்னிடமிருந்து எதைப் பிடுங்குகிறேன் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிதாக ஒன்று போய்விடும்.

ஸ்டுடியோவில் அந்த டேப் இன்னும் இருக்கும் அல்லவா? நீ அதை ஒரு தடவை நிதானமாகக் கேட்டுப் பார்க்கலாம். நான் சொன்னதாக வேண்டாம்.

டெல்மர்

*

பஃபலோ, நியூயார்க்
ஜூன் 18

டெல்மர்,

இப்போதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. நான் வாசிக்கக் கூடாது, அதுதானே உனக்கு வேண்டும்? ஒன்பது வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் இருந்தவனுக்கு இந்த நாற்காலிமேல் ஒரு கண் இருந்திருக்கிறது. இருந்தால் தப்பில்லை, எனக்கும் கிழவரின் முதல் நாற்காலிமேல் இருந்தது. ஆனால் நான் முதுகுவலி என்று கதை சொல்லவில்லை. உதட்டைப் பற்றி உன் ஒருவனிடம் சொன்னேன், நீ அதையே எடுத்து என்னைக் குத்துகிறாய்.

கணக்கில் தப்பு இருக்கிறதாம், எந்த இடம் என்று சொல்லக் கூடாதாம். இதற்குப் பெயர் பூசி மெழுகுவது. டேப்பைக் கேட்க வேண்டுமாம். எதற்கு? ரேடியோவைத் திருப்பினால் அதுதான் வருகிறது. என் சத்தம் எனக்குத் தெரியாதா?

நேற்று ராத்திரி எட்டு தடவை முயற்சி செய்தேன். வாஷ்பேசினில் ரத்தம். பரவாயில்லை. ஒரு தடவை வந்தது மறுபடியும் வரும்.

மியூட்டை அனுப்பிவிடுகிறேன், முகவரி சரிதானே.

க்ளிஃப் ஜாவோர்ஸ்கி

*

டபியூக்
ஜூன் 24

க்ளிஃப்,

விர்ஜில் என்ன வாத்தியம் வாசிக்கிறான்?

டெல்மர்

*

சிரக்யூஸ், நியூயார்க்
ஜூன் 29

டெல்மர்,

ஆர்கன். சில பாட்டுக்குப் பியானோ. மூன்று வருஷம் அவனோடு ஒரே பஸ்ஸில் போனவன் நீ. குடித்திருக்கிறாயா? ஒரு வரிக்குத் தபால் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாய். ஆர்லீன் பார்த்தாளா?

உன் கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. இதைத் தபாலில் போடாமல் வைத்திருக்கிறேன். அவன் ஆர்கன்தான் வாசிக்கிறான். அதற்கும் நீ இறங்கியதற்கும் என்ன சம்பந்தம்? பெட்டியில் எழுதியது அவன், அதைச் சொல்கிறாயா? அவனுடைய கையெழுத்து எனக்குத் தெரியும், கடைசி எஃப் டெல்மருடையது என்று தெளிவாகத்தான்

ஜூலை 1

மேலே உள்ள வரியை முடிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தபோது பேனா நின்றுவிட்டது.

விர்ஜில் பியானோக்காரன். பியானோக்காரன் எஃப் என்று சொல்கிற சத்தத்தை நாம் ட்ரம்பெட்டில் ஜி என்று சொல்கிறோம். ஒரே சத்தம், அவன் வீட்டில் ஒரு பெயர், நம் வீட்டில் ஒரு பெயர். பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது. விர்ஜிலுக்கு எழுதியதை ஒரு படி ஏற்றித்தான் உனக்கும் எனக்கும் தாள் எழுதுகிறேன், தினமும் செய்கிற வேலை. பெட்டியைப் படித்த அன்றைக்கு மட்டும் அவன் எழுதிய எஃபை நம்முடைய எஃப் என்று படித்துவிட்டேன். எனக்கு வேண்டியபடி படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவனுடைய எஃப் நம்முடைய ஜி.

இதை இன்னும் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை சிகாகோ போகிறோம்.

சிகாகோ
ஜூலை 5

ஸ்டுடியோவுக்குப் போனேன், விர்ஜிலையும் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பொறியாளர் நான்கு ட்ரம்பெட்டையும் தனித்தனியாகப் போட்டுக் காட்டினார். என் வரி ஒழுங்காக ஏறுகிறது, கடைசிப் படியில் காற்று. உன் கடையில் ஆணி ஏறின டயரிலிருந்து வருமே, அந்தச் சத்தம். உன் வரி எஃபில் கால் வைக்கிறது, அங்கே நிற்கவே இல்லை, மேலே போய்விடுகிறது. ஊரெல்லாம் காரை நிறுத்திவிட்டுக் கேட்பது உன்னை.

மறுபடி போடச் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோதும் ஒரு நொடி அது நான்தான் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நம் இரண்டு பேர் சத்தமும் ஒன்றாகிவிட்டது போல.

விர்ஜிலைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டா சொல்லலை?"

"எழுதித்தானே வச்சேன்" என்றான்.

டெல்மர், நான் வாசிக்காத ஒரு சுரத்தை மறுபடியும் வாசிப்பதற்காக இரண்டு மாதமாக என் உதட்டைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பஃபலோவிலிருந்து உனக்கு எழுதியதை நினைத்தால் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து எரித்துவிடு. மாமனார் படிப்பதற்கு முன்னால்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. நிம்மதியாகவும் இருக்கிறது. எது அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை. இன்று காலை ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன், சாவியை டாக்டருக்கே அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

இருபத்திரண்டாம் தேதி வா. நான் வெறுங்கையோடு முன்னால் நின்று கையை ஆட்டுகிறேன். முதல் ட்ரம்பெட் தாளைப் புதிதாக எழுதி உன் பெயர் போட்டு இதோடு அனுப்புகிறேன். கடைசியில் ஜி, நம்முடைய ஜி. அது உன்னுடையது, எப்போதும் உன்னுடையதாகத்தான் இருந்திருக்கிறது. டெக்சாஸ்காரனிடம் கொடுக்கலாம் என்றால் அந்த உயரத்தைப் பார்த்தாலே அவனுக்கு மயக்கம் வருகிறது.

வருவாயா?

க்ளிஃப்

*

டபியூக்
ஜூலை 11

அன்புள்ள க்ளிஃப்,

தாளும் மியூட்டும் வந்தன. பஃபலோ கடிதத்தை எரிக்கவில்லை, மாமனார் ஏற்கெனவே படித்துவிட்டார். "நாற்காலி மேல கண்ணா? இவனுக்கு டயர் மேலயே கண்ணு இல்லையே" என்றார். இதில் என் பக்கம் பேசினாரா, திட்டினாரா தெரியவில்லை.

இப்போது என் முறை. இதைச் சொல்லாவிட்டால் நீ என்னைப் பற்றித் தப்பாக எழுதி வைத்துக்கொள்வாய், பெட்டியில் எழுதினது போல.

எனக்கும் ஜி வராது. பிப்ரவரிக்கு முன்னால் வந்ததே இல்லை. இங்கே வந்ததிலிருந்து கோபத்தில் தினமும் கிடங்கில் நின்று ஊதிப் பார்த்தேன், க்ளிஃபுக்குக் காட்டுகிறேன் பார் என்று. ஒரு தடவைகூட வரவில்லை. உன் தாளை வைத்துக்கொண்டு நேற்றும் ஊதினேன். எஃப் வரைக்கும் நன்றாகப் போகிறது. அதற்கு மேல் எனக்கும் காற்றுதான். ஆர்லீன் ஜன்னலைத் திறந்து, "நாய் ஓடிப்போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எஃபில் நிற்க வேண்டியவன் நான். கால் வைத்ததுமே பக்கத்தில் நீ இல்லை என்று கேட்டது. மேலே இடம் காலியாக இருந்தது. யோசித்துப் போகவில்லை, போய்விட்டேன். நீ விழுந்திருக்காவிட்டால் அந்தச் சுரம் உலகத்திலேயே இல்லை. அப்படியானால் அது யாருடையது? விர்ஜில் என்னுடையது என்று எழுதினான், கம்பெனிக்காரன் உன்னுடையது என்று எழுதினான். டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து நிறைய யோசித்துவிட்டேன், எனக்கு இன்னும் தெரியவில்லை. இதைக் கேட்க ஏன் வெட்கப்பட்டு இத்தனை நாள் பீரைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றும் தெரியவில்லை.

வருகிறேன். இருபதாம் தேதி மத்தியான பஸ். ஆனால் தாளில் ஒன்றை மாற்றியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடைசி ஜியை அழித்துவிட்டேன். அந்தச் சுர ஏணியில் எல்லோரும் ஏறுவோம், நான் என் எஃபில் நிற்பேன். அதற்கு மேலே காலியாக இருக்கட்டும். இத்தனை வருஷம் நாம் விடக் கூடாது என்று இருந்தோம், ஒரு தடவை விட்டுப் பார்ப்போம். நீ முன்னால் நின்று கையை மட்டும் மேலே தூக்கு. ஏரிக்கரைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்தச் சுரம் மனப்பாடம், அவரவர் காதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் பாட்டு என்றுதான் இருக்கும், சுரத்தை எண்ணியிருக்க மாட்டார்கள்.

விர்ஜிலிடம் சொல்லிவிடு, கடைசி எஃப் டெல்மருடையது. எந்த எஃப் என்று கேட்பான். நம்முடையது என்று சொல்.

பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு கடை இருக்கிறது. நான் இறங்கும்போது ஒரு பீர் வாங்கி வை. எதற்கு என்று சொல்லாதே.

டெல்மர்